பதினேழாவது கேள்வி

பால் வற்றி ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் மத்தியானம் மூன்று மணி ஆனால் பட்டன்காரிக்கு மார்பு இரண்டும் கல்லாய்க் கனத்து வலிக்கும். தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ரவிக்கை நனைந்திருக்காது. வலி மட்டும் அக்குள்வரை இழுக்கும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குப் பட்டன் வைக்கும் மிஷினில் அவளுக்கு வேலை. அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். வாரத்தில் ஆறு நாள் அந்த வலியை மிஷின் பெடலில் போட்டு மிதித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைதான் மிதிக்க இடமில்லை.

அந்த ஞாயிறும் மூன்று மணிக்கு ஒரு கையால் மார்பை அழுத்திக்கொண்டு மறு கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையை எடுடி," என்றாள் மாமியார். "வாசல்ல ஆள் நிக்குது. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

வாசலில் நின்றது தோளில் பையும் கையில் அட்டையில் செருகிய காகிதமுமாக ஓர் இளம்பெண். மருத்துவக் கல்லூரியில் உளவியல் ஆராய்ச்சி மாணவி. குழந்தை இறந்து பிறந்த தாய்மாரை எட்டு வாரம் குழுவாக உட்கார வைத்துப் பேச வைத்தால் துக்கம் குறைகிறதா என்று அளப்பது அவள் ஆராய்ச்சி. அளக்க நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த முப்பத்தொன்பது வீட்டுக்கும் சுகாதார நிலையத்து நர்ஸக்கா கூடவே வந்து அறிமுகப்படுத்தி வைத்தாள். ஞாயிறு நர்ஸக்காவுக்கு விடுமுறை. நாற்பதாவது வீட்டுக்கு மாணவி தனியாக வந்திருந்தாள்.

"உக்காரும்மா. நர்ஸு சொல்லி அனுப்பிச்சு," என்றாள் மாமியார். "ஆனா ஒண்ணு. இந்த வீட்ல யாரும் எதையும் பறிகுடுக்கல. வந்துச்சு, தங்கல, போச்சு. அதுக்கு எதுக்கு நாலு காயிதம்?"

"ஆறு காயிதம் பெரியம்மா."

"அடேங்கப்பா. அப்ப ரொம்பத்தான் படிச்சிருக்க."

மாணவிக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய அம்மா கட்டட வேலையில் சித்தாள்; செங்கல் சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி தேய்ந்துபோனவள். அவளும் இதையேதான் சொல்வாள்.

"அக்காகிட்ட தனியா பேசணும் பெரியம்மா. எங்களுக்கு அது விதி."

"ஒத்த ரூம் வீடு. நான் எங்க போறது, செவுத்துக்குள்ளயா?"

போயிருக்கமாட்டாள். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாக யாரோ குரல் கொடுத்தார்கள். குடும்ப மானத்தைவிடத் தண்ணீர் பெரிது. மாமியார் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டாள். வாசற்படியில் திரும்பி, "மளமளன்னு கேட்டு முடிச்சிரு. அழ மட்டும் வைக்காத. அவ அழுதா எனக்குச் சமையல் வேலை சேரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாணவி பதிவுக் கருவியை அரிசித் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"எத்தனை குழந்தைங்கக்கா?"

"நீங்களே சொல்லுங்க மேடம். சைபர்னு போடுவீங்களா, ஒண்ணுன்னு போடுவீங்களா?"

மாணவி அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டாள். தூக்கம், பசி, எரிச்சல், மறதி என்று கேள்விகள் போயின. பட்டன்காரி தயங்காமல் பதில் சொன்னாள். இதுவரை யாரும் அவளிடம் வரிசையாக இத்தனை கேள்வி கேட்டதில்லை. அதுவே அவளுக்கு ஒரு மரியாதையாகப்பட்டது. பதினேழாவது கேள்வி வந்தது. மாணவி படிவத்தில் இருந்தபடியே வாசித்தாள்.

"மற்றவர்களுக்குக் கேட்காத குரலோ ஒலியோ உங்களுக்குக் கேட்டதுண்டா?"

"கேக்கும்."

மாணவியின் பேனா நின்றது.

"சாப்பாட்டு மணி அடிச்சதும் நூத்தியிருவது மிஷினும் ஒண்ணா நிக்கும் மேடம். அப்ப ஒரு அமைதி வரும் பாருங்க, காதே வலிக்கும். அந்த அமைதிக்குள்ள ஒரு அழுகை. பக்கத்து ரூம்ல படுக்க வச்சிட்டு வந்த மாதிரி. ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். துணிக்கட்டு அடுக்கியிருந்துச்சு."

ஆம் என்று பதில் வந்தால் கேட்க வேண்டிய துணைக்கேள்வி ஒன்று கீழே இருந்தது. முப்பத்தொன்பது வீட்டில் அதைக் கேட்க நேரவில்லை. வாசித்த வேகத்திலேயே மாணவி அதையும் வாசித்துவிட்டாள்.

"ஆம் எனில், குரல் ஆணுடையதா, பெண்ணுடையதா?"

பட்டன்காரி அரிசியைப் பார்த்தாள். கல் எதுவும் இல்லாத இடத்தில் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"அதைத்தாங்க நானும் ஏழு மாசமா எல்லாரையும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"புரியலக்கா."

"மயக்க மருந்து குடுத்து அறுத்துத்தான் எடுத்தாங்க. கண்ணு முழிச்சப்ப வயிறும் காலி, தொட்டிலும் காலி. முகத்தைக் காட்டக்கூடாதாம். பாத்துட்டா அடுத்தது தங்காதாம். சரி, ஆணா பொண்ணான்னாவது சொல்லுங்கன்னேன். சொன்னா பேரு வப்பியாம், பேரு வச்சா மறக்கமாட்டியாம். அத்தைதான் துணியில சுத்தி வாங்கிட்டுப் போனாங்க. அவங்க கைக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாது."

தெருவில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டது. பட்டன்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க அந்த ஆஸ்பத்திரி காலேஜுதானே? நோட்டுல எழுதி வச்சிருப்பாங்கல்ல. பாத்துச் சொல்றீங்களா? பேரெல்லாம் வைக்கமாட்டேன், சத்தியமா. கனவுல குளிப்பாட்டுறேன் மேடம். கனவுலகூட புள்ள காலை மடக்கி வச்சிக்கிட்டுத்தான் இருக்கு, காட்டமாட்டேங்குது."

"பாக்கறேன்க்கா," என்றாள் மாணவி. "நிச்சயமா பாத்துச் சொல்றேன்."

மனதாரத்தான் சொன்னாள்.

மாணவிக்கு வழிகாட்டும் பேராசிரியை கெட்டவள் இல்லை. இருபத்தாறு வருடமாக அழுகிறவர்களின் எதிரே உட்கார்ந்து நாற்காலியோடு தேய்ந்தவள். திங்கட்கிழமை காலை படிவத்தைப் புரட்டியவள் பதினேழில் நின்றுவிட்டாள்.

"ஆமான்னு சொல்லியிருக்காங்களே. இவங்களைச் சேர்க்க முடியாது."

"மேடம், பிள்ளை போனவங்களுக்கு அழுகை கேக்கும், அது நோய் இல்லன்னு வகுப்புல நீங்கதானே சொன்னீங்க?"

"வகுப்புல சொன்னேன். படிவத்துல சொல்லலையே." பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "விதியை எழுதினது நாம ரெண்டு பேரும். நெறிமுறைக் குழுவுல கையெழுத்து வாங்கியாச்சு. பதினேழுக்கு ஆம்னா நீக்கம், மனநலப் பிரிவுக்குச் சீட்டு. இப்ப மாத்தணும்னா மறுபடி முதல்லேருந்து, ஆறு மாசம். உன் உதவித்தொகை மார்ச்சோட முடியுது. என்ன சொல்ற?"

மாணவி பேனாவை எடுத்தாள். சீட்டை எழுதினாள். *இறந்து பிறந்த குழந்தையின் தாய். மாயக்குரல் கேட்கிறது. உளப்பிணி ஐயம். மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார். ஆய்வுக்குத் தகுதியற்றவர்.* துறையின் முத்திரை விழுந்தது.

நேரில் போய்க் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்றே வேறு தெருவில் நாற்பதாவது ஆள் கிடைத்தாள். சீட்டு நர்ஸக்காவின் கைக்குப் போயிற்று.

"உறையில போட்டுக் குடுத்துருங்கக்கா."

"உறை தீந்து மூணு வாரமாச்சும்மா. மடிச்சுக் குடுத்துடறேன்."

பட்டன்காரி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த மடித்த காகிதம் மாமியாரிடம் சேர்ந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதை அரிசிப் பானையின் மூடிக்கு அடியில் வைத்திருந்து, மகன் சாப்பிட வந்ததும் எடுத்து நீட்டினாள். மகன் டெம்போ ஓட்டுகிறவன். பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தான். படித்து முடித்தபோது பக்கத்து வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது.

ஏழு மாதமாக மாமியார் தேடிக்கொண்டிருந்த சொல் முத்திரையோடு வீடு தேடி வந்துவிட்டது.

"நான் சொன்னா மாமியா கொடுமைம்பீங்க. இப்பக் காலேஜே சொல்லிடுச்சு."

"தகுதி இல்லன்னு வேற போட்டிருக்கும்மா."

"அதுக்குக்கூட இல்லையா!"

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பரீட்சை வைத்தார்களாம், பட்டன்காரி ஃபெயிலாம் என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அதே படிவத்துக்குப் பதில் சொன்னவர்கள்.

டெம்போக்காரன் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. மனைவியைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு மாசம் உங்க அண்ணன் வீட்ல இருந்து வைத்தியம் பாத்துட்டு வா," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. ஒரு பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை துணியைப் பையில் அடைத்துவிட்டு, சீட்டை எடுத்து நெஞ்சோரம் செருகிக்கொண்டு, பட்டன்காரி அடுப்படிக்கு வந்தாள்.

"அத்தை, நான் கிளம்பறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. ஆணா, பொண்ணா?"

மாமியார் திரும்பவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"இவனுக்கு முன்னால எனக்கும் ஒண்ணு தங்கல. எங்க மாமியா எனக்குச் சொன்னாளா? நான் கேட்டேனா? முப்பத்தோரு வருசம் நாலு மாசம் ஆச்சு. செத்தா போயிட்டேன்?"

"சாகல அத்தை. ஆனா மாசக்கணக்கு வரைக்கும் வச்சிருக்கீங்களே."

கரண்டி ஒரு நொடி சோற்றில் நின்றது. பிறகு கிண்டத் தொடங்கியது. பட்டன்காரி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் யாருக்கும் தலை குனியவில்லை. நேராக நடந்தாள். பேருந்து நிலையத்துக்குப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் அவள் திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை.

மாணவிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவில் மௌனம் வந்தால் எத்தனை வினாடி என்று அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். நீக்கப்பட்டவர்களின் பதிவை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு நாள் அதை ஓடவிட்டாள். 'ஆணுடையதா, பெண்ணுடையதா' என்று அவள் குரல் கேட்டது. பிறகு அரிசி உருளும் ஓசை மட்டும். பதினோரு வினாடி. அவள் எழுதிய ஆயிரத்து இருநூறு பக்கத்தில் அவ்வளவு நீள மௌனம் வேறெங்கும் இல்லை. நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த வாரம் போகலாம் என்று நினைத்தாள். அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆறாவது வாரக் குழு. கல்லூரியின் பின்கட்டடத்தில் ஓர் அறை, நாற்பது பேரில் ஒரு பாதிக்கு வட்டமாக இருபது பிளாஸ்டிக் நாற்காலி. ஐந்து வாரமாகப் பெண்கள் வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அன்று டீக்கடைக்காரம்மா திடீரென்று கேட்டாள்.

"பட்டன் ஏன் வரல? பிரசவ வார்டுல எனக்கு அடுத்த கட்டில் அவ."

"அவங்களால சேர முடியலம்மா."

"முடியலையா, சேர்க்கலையா?"

விதிப்படி மாணவி பதில் சொல்லக்கூடாது. அவளுக்குப் பதிலாக மூலையிலிருந்து ஒருத்தி சொன்னாள். "பதினேழுக்கு ஆமான்னு சொல்லிட்டாளாம். தெருவே சொல்லுது."

"அடிப்பாவி! நர்ஸு அவளுக்குச் சொல்லிக் குடுக்கலையா?"

"என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் மாணவி.

டீக்கடைக்காரம்மா மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. "காதுல ஏதாச்சும் கேக்குதான்னு கேப்பாங்க, இல்லன்னு சொல்லிடு, ஆமான்னா பைத்தியம்னு எழுதிடுவாங்கன்னு. நல்ல மனசுலதாம்மா சொல்லிச்சு அந்த நர்ஸு. வீடு வீடா வந்து சொல்லிச்சு."

"அப்ப உங்களுக்கும்…?"

"எனக்கு ஸ்டவ்வை அணைச்சதும் கேக்கும். அதான் கடையில அடுப்பை அணைக்கவே விடறதில்ல. எங்க வீட்டுக்காரர் கேஸ் வீணாப் போகுதுன்னு கத்தறார்."

"எனக்குத் தண்ணி மோட்டார் நின்னதும்."

"நான் பஸ்ல வேலைக்குப் போறேன். இஞ்சினை அணைச்சாங்கன்னா இறங்கிடுவேன், எந்த ஸ்டாப்பா இருந்தாலும்."

"எனக்கு அழுகை இல்லக்கா. விக்கல்."

விக்கல் என்றதும் ஒருத்தி சிரித்தாள். சிரித்தவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. வட்டம் முழுக்க அது பரவிற்று. இருபது பேரில் பதினெட்டுப் பேருக்குக் கேட்கிறது. இதுவரை புருஷனிடம் சொல்லாதது, அம்மாவிடம் சொல்லாதது. நாற்காலியெல்லாம் கிட்டக்கிட்ட வந்துவிட்டன. ஆறு வாரத்தில் அன்றுதான் அந்த அறையில் ஆலோசனை என்று ஒன்று நடந்தது. அதில் மாணவிக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

"உண்மையைச் சொன்னவ அவ ஒருத்திதான்," என்றாள் டீக்கடைக்காரம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவளைத்தான் வெளிய நிறுத்திட்டீங்க."

மாணவி அப்படியே பேராசிரியையின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியை எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பதிவுக் கருவி ஓடிச்சா?"

"இல்ல மேடம். குழுவுல பதிவு பண்றதில்ல."

"அப்ப நமக்கு அது தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "நாப்பது பேரையும் நீக்கிட்டா ஆய்வு எங்க இருக்கு? உக்காரு. தண்ணி குடி," என்றாள்.

மாணவி தண்ணீர் குடித்தாள். அந்தத் தண்ணீரோடு அதையும் விழுங்கிவிட்டாள் என்று சொல்வதில் தப்பில்லை. வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது சித்தாள் காலில் அப்பியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே, "முத்திரை வச்சிருக்கறவங்க எதைக் கேட்டாலும் நாங்கல்லாம் 'இல்ல'ன்னுதான் சொல்லுவோம். ஆமான்னு சொல்ல எங்களுக்கென்ன கிறுக்கா?" என்றாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்து, "அந்தப் பொண்ணு உன்னை நம்பியிருக்குடி," என்றாள்.

மறுநாள் மாணவி ஆவண அறைக்குப் போனாள். ஆய்வுக்கான அனுமதிக் கடிதத்தை எழுத்தரிடம் நீட்டினாள். நீக்கப்பட்ட ஒருத்திக்கு அந்தக் கடிதம் செல்லாது. எழுத்தர் அதையெல்லாம் பார்க்கவில்லை. மாதத்தையும் தகப்பன் பெயரையும் சொன்னதும் ஏட்டை எடுத்துப் பிரித்து வைத்தார்.

"இதே பக்கத்தைத் தேடிக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க, ரெண்டு மாசம் இருக்கும். கையில துணிப்பை. நான்தான் பெத்தேன்னு ஒரே பிடிவாதம். பதிவு அப்பா பேர்ல இருக்கு, அவர் கையெழுத்து இல்லாம எப்படிக் காட்டறது? சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க."

மாணவி விரலை வைத்துத் தேடினாள். கிடைத்தது. வந்தது முதல் வெளியே போனதுவரை ஏழு நிமிடம் ஆனது.

அங்கிருந்து நேராக அந்தத் தெருவுக்குப் போனாள். மாமியார் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"அவ இங்க இல்ல. இன்னும் என்ன எழுதணும்? நீங்கதானே பைத்தியம்னு எழுதிக் குடுத்தீங்க? மகனுக்கு வேற இடம் பாத்துக்கிட்டிருக்கோம்."

"நான் அப்படி எழுதல பெரியம்மா. ஐயம்னுதான்…"

"ஐயமோ கிய்யமோ. முத்திரை உங்களுது."

அண்ணன் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாணவி திரும்பினாள். நாலடி நடந்திருப்பாள். பின்னால் கூப்பிடும் குரல் கேட்டது. இத்தனை மெல்லிய குரல் அந்த அம்மாவுக்கு உண்டென்று அவள் நினைத்ததில்லை.

"ஏம்மா. முப்பத்தோரு வருசத்துக்கு முந்தின நோட்டெல்லாம் அங்க வச்சிருப்பாங்களா?"

மாணவி பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அண்ணன் வீட்டில் அண்ணிதான் இருந்தாள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. பட்டன்காரி அங்கே ஒன்பது நாள்தான் இருந்திருக்கிறாள்.

"யாரோ கூட்டிட்டுப் போனாங்க, எங்கயோ மில்லு விடுதியாம். எந்த ஊருன்னு கேட்டா, தேடி வருவீங்கன்னுட்டா. எப்பவாச்சும் யாரோட போன்லேருந்தாவது பேசுவா. திருப்பிக் கூப்பிட்டா அவ இல்லம்பாங்க."

"மனநலப் பிரிவுக்குப் போனாங்களா?"

"எங்க போனா? ஆனா அந்தச் சீட்டைக் கிழிக்கல. அதை எதுக்குடி வச்சிருக்க, எரிச்சுப் போடுன்னேன். 'எனக்குப் புள்ளை பொறந்துச்சுன்னு எழுத்துல இருக்கறது இது ஒண்ணுதான் அண்ணி'ன்னு சொல்லி மடிச்சு வச்சிக்கிட்டா." அண்ணி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அடுத்த தடவை பேசினா சொல்றேன். என்னன்னு சொல்லட்டும்?"

மாணவி பையில் பேனாவைத் தேடினாள். மாமியாருக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியும், எழுத்தருக்குத் தெரியும், இப்போது தனக்கும் தெரியும். இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டுத்தான் பெற்றவளுக்குப் போக வேண்டுமா?

"நானே சொல்லணும். என் நம்பரைக் குடுங்க. எந்த நேரம்னாலும் பரவால்ல."

மார்ச்சில் ஆய்வேடு ஏற்கப்பட்டது. குழு ஆலோசனையால் துக்கம் குறைகிறது என்று எண்கள் சொல்லின. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நாற்பத்தாறாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "உளப்பிணி அறிகுறி உள்ள ஒருத்தரை விதிப்படி நீக்கியிருக்கீங்க. ஆள் கிடைக்காத ஆய்வுல இதைச் செய்ய ஒரு நேர்மை வேணும்," என்று பாராட்டினார். பேராசிரியை மேசையைப் பார்த்தாள். மாணவி, "நன்றி சார்," என்றாள்.

கைதட்டினார்கள். கைதட்டல் நின்றதும் அந்த மண்டபத்தில் ஓர் அமைதி வந்தது. மாணவி சட்டென்று பக்கத்து அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் அதைப் படிவத்தில் குறிக்கவில்லை.

இப்போது அவள் அதே மருத்துவமனையில் ஆலோசகர். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எதிரே அழுதுகொண்டிருப்பவரை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுக்கிறாள். இதுவரை வந்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்டவர்கள்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ அறுநூறு கிராம். விடியற்காலை நான்கு மணி பத்து நிமிடம். இது பட்டன்காரிக்குச் சேர வேண்டியது. இன்னும் கொடுக்கப்படவில்லை.